மூன்றாவது அழைப்பு

வந்தவன் முதலில் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டான்.

அன்று செவ்வாய்க்கிழமை. பட்டன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரிய லாண்டிரி ஒன்றில் இஸ்திரி மேஜை அவளுடையது. வருகிற சட்டைகளில் பட்டன் விட்டுப்போயிருந்தால், யாரும் சொல்லாமலே தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தைத்துவிடுவாள். சட்டைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. தெரியவேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. மேலே இருக்கிறவருக்குத் தெரிந்தால் போதும் என்பாள். பட்டன் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்கு மறந்தே போயிற்று.

வந்தவன் தண்ணீரைக் குடித்துவிட்டு தம்ளரைப் பதமாகக் கீழே வைத்தான். சிரித்த முகம். மடிப்புக் கலையாத சட்டை.

“வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போறீங்களாமே அக்கா?”

“ஆமா.”

“போங்க, போங்க. யாரு வேணாம்னா? உங்க உரிமை.” இன்னும் கொஞ்சம் சிரித்தான். “பாப்பா எப்படி இருக்கா? நர்ஸ் படிப்பு ரெண்டாவது வருஷம், இல்ல? ஹாஸ்டல்ல மூணாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். காத்து நல்லா வரும்.”

மகளுக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில் கிடைத்தது பட்டனுக்கே போன வாரம்தான் தெரியும்.

“யாரு தம்பி நீங்க?”

“எல்லாருக்கும் வேண்டியவன். சின்னப் புள்ளைங்க தனியா இருக்கற இடம் பாருங்க, அதான் விசாரிச்சேன்.” வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, “தண்ணி நல்லா இருந்துச்சு,” என்றான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை பட்டன் அசையவில்லை. பிறகு அந்தத் தம்ளரை எடுத்துப்போய்த் தேய்த்தாள். இரண்டு முறை தேய்த்தாள். யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் புண்ணியம் என்று வளர்ந்தவள். அன்றுதான் முதல் முறையாக, கொடுத்த தண்ணீருக்காகப் பயந்தாள்.

நடந்தது இதுதான். பட்டனின் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் அதே லாண்டிரியில் வேலை பார்த்தார்கள். காலை ஐந்தரைக்குச் சங்கு ஊதும். ஆறு மணிக்குத் தெருவே காலி. பிள்ளைகள் லாண்டிரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். நடக்க முடிந்த கிழவர்களும் துணிகளுக்குச் சீட்டுக் கட்ட வந்துவிடுவார்கள். கடைசி வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவரைக் கூட, திருடன் பயத்தில் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் மருமகள் வேலைக்கு வருவாள்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த அதிகாரி காலை பத்து மணிக்கு வந்தார். இரண்டு பக்கமும் பூட்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘வீடு பூட்டியுள்ளது, ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனார். கடைசி வீட்டுப் பெரியவர் உள்ளேயிருந்து “இருக்கேன், இருக்கேன்” என்று குரல் கொடுத்தாராம். கேட்கவில்லையோ, கேட்டும் காதில் வாங்கவில்லையோ, அது அந்த அதிகாரிக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் ஒரே நாளில் போயின. அந்தத் தொகுதி உறுப்பினர் போன தடவை அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தவர். அந்தத் தெரு அவருக்கு என்றைக்கும் போட்டதில்லை. சிரித்த முகக்காரன் யாருடைய ஆள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொழிற்சங்கம் வழக்குப் போடப் போனது. பெயர் நீக்கப்பட்டவர்கள்தான் வரவேண்டும், அவர்களுக்காக இன்னொருவர் வரமுடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், பட்டனும் அவர்களில் ஒருத்தி. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அப்படிப்பட்ட ஆட்களே கிடையாது, எல்லாம் பேய் ஓட்டு என்றார். நீதிபதி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “மனுதாரர்களில் ஒருவராவது வியாழக்கிழமை என் முன்னால் வந்து நிற்கட்டும். நின்றால் விசாரிக்கிறேன். யாரும் வராவிட்டால் தள்ளுபடி,” என்றார். வாக்குப்பதிவுக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. தள்ளுபடி ஆனால் மறுபடி வர நேரம் கிடையாது.

சங்கத்தில் கேட்டு வந்து பட்டன் அன்றைக்கு வீட்டில் அதைச் சொன்னபோது புருஷன் சிரித்தார். “பேய்னா ராத்திரிதானே வரும்? நம்ம பேயெல்லாம் ஆறு மணிக்கே ஷிப்ட்டுக்குப் போயிடுதே,” என்றார். அவர் லாண்டிரி வேன் ஓட்டுகிறவர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஜன்னல் ஓரக் கட்டிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கேலி வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“போகணுமா?” என்றார்.

“நீங்க சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல? எனக்குப் பயமா இருக்கு. நான் கோர்ட்டுக்கெல்லாம் வரலை.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

புதன்கிழமை லாண்டிரியில் விரிப்பு மடிக்கிற முறை. பெரிய விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிக்க வேண்டும். பட்டனுக்கு ஜோடி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள். பத்து வருஷ ஜோடி. அன்று நெட்டை கைக்குக் கை முனையைக் கொடுத்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. ஏழாவது விரிப்பில் பட்டன் கேட்டுவிட்டாள்.

“நீயும் கேஸ்லேருந்து விலகறேன்னு எழுதிக் குடுத்துட்டியா?”

“ம்.”

“எத்தனை பேருடி?”

“உன்னை விட்டா எல்லாரும்.” நெட்டை விரிப்பின் முனையை இழுத்துச் சரிசெய்தாள். “என் வீட்லயும் வந்து தண்ணி கேட்டான் பட்டன். சின்னவன் ஸ்கூல் விட்டு எந்தச் சந்து வழியா வர்றான்னு எனக்கே சொல்றான். நான் என்ன செய்யட்டும்? உன்னை மாதிரி எனக்குத் தைரியம் இல்ல.”

“எனக்கு மட்டும் இருக்கா? நேத்துலேருந்து சோறு எறங்கல.”

அடுத்த விரிப்பை உதறினார்கள். ஈர வாடையும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்தபோது நெட்டை முனையைக் கொடுத்துவிட்டு, அவள் விரல்களை ஒரு நொடி சேர்த்துப் பிடித்தாள்.

“நாளைக்கு நீ போறதா இருந்தா உன் மேஜையை நான் பாத்துக்கறேன். ரெண்டு பேர் வேலையும் நான் செஞ்சுடறேன். மேனேஜர் வாயத் திறக்கமாட்டான்.”

கோழை என்று நெட்டையை யாராவது சொல்லலாம். பட்டன் சொல்லவில்லை. ஒருவரால் தூக்க முடிந்த பாரம் எவ்வளவோ, அவ்வளவைத் தூக்குகிறவரிடம் மீதியைக் கேட்பது நியாயமில்லை என்பது அவள் எண்ணம்.

வியாழக்கிழமை விடியும்போது புருஷன் வீட்டில் இல்லை. படுக்கை மடித்திருந்தது. அவளுடைய செருப்பு வாசலில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மாதமாகப் பிய்ந்து தொங்கிய வாரை யாரோ கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான். வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். முகத்துக்கு நேரே வழியனுப்ப மனசு வரவில்லை போலும். கடவுள் படத்தின் முன்னால் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. “நீ பாத்துக்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நீதிமன்றம் இரண்டாவது மாடியில் இருந்தது. நீண்ட வராந்தா, சுவரோரம் பெஞ்சுகள், உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்த மரம். வக்கீலம்மா கையில் காகிதக் கட்டோடு வந்து, “வந்துட்டீங்களா, தெய்வமே!” என்று மூச்சு விட்டார். “நான் உள்ளே இருக்கணும். உங்க பேரைக் கூப்பிடுவாங்க. கேட்டதும் உள்ளே வாங்க. வேற ஒண்ணும் வேணாம். வந்து நின்னா போதும்.”

நின்றால் போதும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! பட்டன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

நீதிமன்றக் கதவருகே டவாலி நின்றிருந்தார். வழக்கு வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். நரைத்த மீசை, தோளில் சிவப்புப் பட்டை, வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டில் மூன்றாவது பித்தளைப் பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடியது. பட்டன் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உலகமே தலையில் இடிந்து விழுந்தாலும் அவள் கண் அங்கேதான் போகும்.

“ஐயா, அது விழுந்துடும். ஒரு நிமிஷம் நில்லுங்க,” என்றாள். கைப்பையின் மடிப்பில் எப்போதும் நூல் கோத்த ஊசி குத்தியிருக்கும்.

“இப்ப வந்துடுவாரும்மா, ஜட்ஜு.”

“அதுக்குள்ள முடிஞ்சுடும்.”

முதல் குத்து அவள் விரலில் பட்டது. அவர் குனிந்து பார்த்தார். “கை இப்படி நடுங்குதே. முதல் தடவையா?”

“ஆமாங்க. பயமா இருக்கு. கூப்பிடறதுக்குள்ள செத்துடுவேன் போல இருக்கு.”

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா. இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன். கூப்பிடற நேரத்துக்குப் பாதிப் பேர் அங்கதான் இருப்பாங்க.” அவர் தாடையால் படிக்கட்டைக் காட்டினார். “கால் தானா எறங்கிடும். மூணு தடவை கூப்பிடணும்னு விதி. எங்க நின்னு கூப்பிடணும்னு விதியில இல்ல. ரெண்டு தடவை கதவுகிட்ட நின்னு கூப்பிடுவேன். மூணாவதை அந்தப் படிக்கட்டுத் தலைப்புல போய் நின்னு கூப்பிடுவேன். என்னால ஆனது அவ்வளவுதான்.”

“வருவாங்களா?”

“சில பேர் வருவாங்க. சில பேர் வரமாட்டாங்க. அது அவங்க கஷ்டம், நாம என்ன சொல்றது?” தைத்து முடித்த பித்தளைப் பட்டனைத் தடவிப் பார்த்தார். “கோட்டு கிழிஞ்சாலும் இது விழாது போலிருக்கே!”

அவர் உள்ளே போனார். பட்டன் திரும்பியபோது அவள் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். சிரித்த முகம். பக்கத்தில் தட்டிக்காட்டினான்.

“உக்காருங்க அக்கா. எவ்வளவு நேரம் நிப்பீங்க?”

அவள் உட்காரவில்லை. அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரிச் சொன்னான். “ஒம்பது பத்துக்கு ஹாஸ்டல்லேருந்து கிளம்பிட்டா. நீலப் பை. இன்னிக்குக் கூட யாரும் இல்ல போல, தனியாத்தான் நடந்து போறா.”

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வராந்தாவின் பேச்சுச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. நீலப் பை. அவள் வாங்கிக் கொடுத்த பை. டவாலி சொன்னது சரிதான், கால் தானாக இறங்கியது. எட்டுப் படி, பத்துப் படி. திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள். வகுப்பில்தான் இருக்க வேண்டும். ஆண்டவனே, வகுப்பில் இருக்கட்டும்.

மேலே கதவருகே ஒரு பெயர் ஒலித்தது. யாரோ ஒருத்தியின் பெயர் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்பா பெயரோடு சேர்த்து முழுசாக அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம்! அந்த முழுப் பெயர் இருந்த இடம் ஒன்றே ஒன்று, வாக்காளர் பட்டியல். அங்கேயும் இப்போது கோடு போட்டுவிட்டார்கள்.

போகட்டும். பெயர்தானே? பெயர் இல்லாமல் இத்தனை நாள் இஸ்திரி போடவில்லையா? புருஷனுக்குப் போன் போட்டாள். “நான் வீட்டுக்கு வந்துடறேன், நீங்க பாப்பாவைப் போய்க் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லத்தான் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார். “முடிஞ்சுதா?”

“என்னங்க... அவன் இங்க இருக்கான்... பாப்பா தனியா நடந்து போறாளாம்... போனை எடுக்கல...”

“தனியா எங்க போறா? நான் பின்னாடியே வந்தேன்ல.”

“எங்க இருக்கீங்க?”

“காலேஜ் கேட்ல. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன். அவளுக்கே தெரியாது, பாத்தா மானத்த வாங்கறீங்கன்னு கத்துவா. இப்பதான் உள்ள போனா. வாட்ச்மேன் ஸ்டூல் குடுத்திருக்கார், பாதி டீயும் குடுத்தார். எதிர்ல ஒருத்தன் பைக்ல சாஞ்சுக்கிட்டு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தான். நானும் வாட்ச்மேனும் ரெண்டு பேருமா அவனையே பாத்தோம். இப்பக் காணோம்.”

“சொல்லாம போயிட்டீங்களே!”

“சொன்னா நீ போகவேணாம்னு சொல்லுவ. கோர்ட்டுக்கு வரமாட்டேன்னுதானே சொன்னேன்? வேற எங்கயும் போகமாட்டேன்னா சொன்னேன்? எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. நீ போய் நில்லு. நான் இங்க உக்காந்திருக்கேன்.”

மேலே இரண்டாவது முறை அந்தப் பெயர் ஒலித்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் என்று அவள் காத்திருந்தாள். அதற்குப் பதில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியாக வராந்தா நெடுக வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். படிக்கட்டுத் தலைப்பில் வெள்ளைக் கோட்டு. அவர் அவளைப் பார்த்தார். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கையிலிருந்த சீட்டைப் பார்த்து, அவள் பெயரையும் அவள் அப்பா பெயரையும் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி, மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.

கடைசி வீட்டுப் பெரியவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் கத்தியது அவளுக்கு நினைவு வந்தது.

“இருக்கேன்,” என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். “இருக்கேங்க!”

பத்துப் படி ஏறுவதற்குள் கம்பி கட்டிய செருப்பு இரண்டு முறை தடுக்கியது. பெஞ்சில் இருந்தவன் சிரித்தபடியே காலை நீட்டி வைத்திருந்தான். டவாலி அந்தக் காலைப் பார்த்தார். “வழி விடுங்க தம்பி,” என்றார். கால் மடங்கியது.

உள்ளே நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “நீங்கதான் மனுதாரரா? அந்தத் தெருவுலதான் குடியிருக்கீங்களா?”

“ஆமாங்கய்யா. பதினேழு வருஷமா.”

“அதிகாரி வந்தப்ப ஏன் யாருமே வீட்ல இல்ல?”

“அவர் பத்து மணிக்கு வந்தாருங்கய்யா. பத்து மணிக்கு நாங்க எப்படி வீட்ல இருப்போம்? துணி துவைச்சுக்கிட்டிருப்போம்.” எச்சிலை விழுங்கினாள். “சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. எல்லாரும் இருப்போம். கடைசி வீட்டுத் தாத்தா மட்டும் எப்பவுமே இருப்பாரு. அன்னிக்கும் இருந்தாரு. பூட்டு போட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.”

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மற்றப் பத்துப் பேர் விலகிக்கொண்டார்களே, ஏன் என்று கேட்டார். பட்டன் அவரைப் பார்க்கவில்லை. நீதிபதியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “பயந்துட்டாங்கய்யா. நானும் பயந்துட்டுதான் நிக்கறேன்.”

நீதிபதி அவள் முன்கையில் வரிசையாக இருந்த இஸ்திரிச் சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலிடம், “இந்தப் பேய்க்குக் கை சுட்டிருக்கிறதே,” என்றார். பிறகு எழுத்தரிடம் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். மூன்று நாட்களுக்குள், மாலை ஆறு மணிக்கு மேல், அந்தத் தெருவின் ஒவ்வொரு கதவையும் மறுபடி தட்ட வேண்டும். நீதிமன்றத்தின் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். அதுவரை இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் பட்டியலில் இருக்கும். மனுதாரர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ யாராவது போய் விசாரித்தால், அதை நேரடியாகத் தன்னிடம் சொல்ல வேண்டும்.

முழுத் தீர்ப்பு இல்லை, இடைக்கால உத்தரவுதான் என்று வக்கீலம்மா வராந்தாவில் விளக்கினார். சொல்லும்போதே அழுதார். பட்டன் தலையாட்டினாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். சிரித்த முகக்காரனைக் காணவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே கேட்டருகே நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிக்காத அந்த முகம் இன்னும் பயமாக இருந்தது. அந்த கேட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

டவாலி அடுத்த வழக்குக்கு வேறொரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு வராந்தா நெடுக நடந்து படிக்கட்டுப் பக்கம் போனார்.

பட்டன் எழுந்து அவர் பின்னாலேயே போய்க் கைப்பிடி மேல் குனிந்து பார்த்தாள். திருப்பத்தில், அவள் பிடித்த அதே சுவரைப் பிடித்துக்கொண்டு, கசங்கிய உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் நின்றிருந்தார். சட்டைக் கை மடிப்பில் பட்டன் இல்லை. மேலே பார்க்காமல் கீழே இறங்கும் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டவாலி மூன்றாவது முறை கூப்பிட்டார்.

“அண்ணே,” என்றாள் பட்டன். அவர் நிமிர்ந்தார். “உங்களைத்தான் கூப்பிடறாங்க. வாங்க, நான் கதவு வரைக்கும் கூட வரேன்.”